வாய் வைத்த செம்பு

காலையில் நாலரை மணிக்கு எழுந்திருப்பேன். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவேன். இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் போவேன். ஐந்து மணிக்குள் போனால் இருபது தடவை அடித்ததும் தண்ணீர் வந்துவிடும். ஐந்தரைக்கு நூறு தடவை அடிக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் வெறும் காற்றுதான். வீட்டுக்கு இரண்டு குடம் என்று தெருவில் பேசி வைத்திருந்தார்கள். கொண்டுவந்த தண்ணீரைப் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டுவேன். ஒரு குடம் குடிக்கவும் சமைக்கவும். இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். பல் துலக்க அரை டம்ளர். முகம் கழுவும் தண்ணீரை அலுமினியப் பேசினில் பிடிப்பேன். அதில் பனியனை அலசுவேன். அலசிய தண்ணீர் கக்கூஸுக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம்.

பிறகு சமையலறைக்குப் போவேன். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். மேலே சின்னத் தட்டு போட்டு மூடியிருக்கும். தட்டை எடுத்துப் பார்ப்பேன். முந்தின நாள் சாயங்காலம் கழுத்து வரை நிரப்பி வைத்த தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருக்கும். தட்டை மறுபடி மூடிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.

அந்தத் தண்ணீர் என் மனைவிக்கு வைத்தது. அவள் பெயர் ரேணுகாம்பாள். அவள் செத்து அப்போது இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

1983, வைகாசி மாதம், திருவண்ணாமலை. முந்தின வருஷம் மழை இல்லை. குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் தண்ணீர் வரும், சில சமயம் அதுவும் வராது. குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மலை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி திருப்பிக் கொடுத்தது. நாங்கள் குடியிருந்தது பே கோபுரத் தெருவில், ஒரே வீட்டைத் தடுத்துக் கட்டிய இரண்டு போர்ஷன்களில் பின்பக்கத்துப் போர்ஷன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவன்.

வீட்டில் நானும் என் மாமியார் கன்னியம்மாளும்தான் இருந்தோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற இரண்டு ஏக்கர் நிலம். அந்த வருஷம் விதைக்கவே இல்லை. புருஷன் இல்லை. ரேணு ஒரே பெண். அவள் காரியத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. போகாததற்குக் காரணம் அந்தச் செம்பு. அந்தச் செம்புக்குக் காரணம் நான்.

ரேணுவுக்கு வந்தது டைபாய்டு. மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம் என்று நர்ஸ் சொன்னாள். முதல் நாள் ரேணு தண்ணீர் கேட்டாள். நான் ஒற்றினேன். இரண்டாம் நாள் அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் இறந்துபோனாள். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மாமியார் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகளின் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். தோல் உரிந்து வெடித்திருந்தது. கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை அவரே பதிலையும் சேர்த்துக் கேட்டார்: "தண்ணி கேட்டாளா, மாப்ள?"

நான் தலையை ஆட்டினேன்.

அது உண்மை இல்லை. ரேணு கடைசியாகச் சொன்னது வேறு. அதை அந்த அம்மாளிடம் சொல்ல முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் அது ஊருக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே செத்தாளாம். ஒப்பாரியிலும் அது வந்தது. எங்கள் பக்கத்தில் உயிர் போனவர்களுக்கு ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு விளக்கும் வைப்பது வழக்கம். பதினாறாம் நாள் கருமாதி அன்று அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் குளத்தில் ஊற்றிவிட வேண்டும். அதோடு அவர்கள் போய்விடுவார்கள். பதினாறாம் நாள் நாங்கள் போனபோது குளத்தில் ஊற்றத் தண்ணீர் இல்லை, வெடித்த மண்தான் இருந்தது. காரியம் செய்தவர் ஏதாவது மரத்தடியில் ஊற்றச் சொன்னார். மாமியார் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தாகத்தோடு போனவளின் தண்ணீரை மண்ணில் ஊற்றுவதா என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செம்பு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலையில்தான் முதல் தடவையாகக் குறைந்திருந்தது.

நான் படித்தவன். ஆவியாகியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, அதையும் மூடிப் பக்கத்திலேயே வைத்தேன். காலையில் டம்ளரில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. செம்பில் இரண்டு விரல் குறைந்திருந்தது. செம்பு ஓட்டையோ என்று கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். தரை ஈரமே இல்லை. மாமியார் எழுந்து குடிக்கிறாரோ என்று ஒரு சந்தேகம். சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் ஒரு காகிதத் துண்டைச் சோற்றுப் பருக்கை வைத்துத் தட்டுக்கும் செம்புக்கும் சேர்த்து ஒட்டினேன். காலையில் காகிதம் கிழியவில்லை, நனையவில்லை. தட்டை எடுத்தேன். இரண்டு விரல்.

எனக்குப் பயமாக இல்லை. அப்போது எதுவுமே எனக்கு எதுவாகவும் இல்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. தட்டை எடுப்பேன், குறைந்திருக்கும், வேலைக்குப் போவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாமியார் தினமும் சாயங்காலம் செம்பை நிரப்பினார். இரண்டு குடத்தில் அதற்கும் ஒரு பங்கு போனது. முன் போர்ஷன் ஜோதியம்மாள் எதையும் கவனிக்காமல் விடமாட்டாள். ஒரு நாள் பம்படியில், உங்கள் வீட்டில் இரண்டு பேர், மூன்று பேருக்குச் செலவாகிறதே என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரேஷன் கார்டுல அந்தப் பொண்ணு பேரை அடிச்சாச்சா இல்லியா தம்பி?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். இன்னும் அடிக்கவில்லை என்றேன்.

"அப்ப சரி. கார்டுல பேர் இருந்தா ஒரு பங்கு உண்டு" என்று அவளே என் குடத்துக்கு நாலு அடி அடித்துக் கொடுத்தாள். கேலி செய்கிறாளா, பாவப்படுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

உண்மையில் அந்தத் தெருவில் தண்ணீரை எங்கள் வீடு அளவுக்கு யாரும் சிக்கனமாகச் செலவழிக்கவில்லை. பேசின், அலசிய தண்ணீர், அரை டம்ளர் எல்லாம் ரேணு ஏற்படுத்தின முறை. அதை அவள் கற்றுக்கொண்டது அந்தமானில்.

அந்த வருஷம் மாசியில் எல்.டி.சி. எடுத்துக்கொண்டு போனோம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சலுகையில் சர்க்கார் சம்பளக்காரன் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் செலவில் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆபீசில் எல்லாரும் காசிக்கும் டெல்லிக்கும் போனார்கள். ரேணு மேப்பைப் பார்த்து, கடலுக்கு நடுவில் இருந்த புள்ளிகள்மேல் விரலை வைத்தாள். மாமியார் கூடாது என்றார். கடல் தாண்டிப் போகிற ஊரில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார். ரேணு சிரித்தாள். அங்கே சுற்றி எல்லாம் தண்ணீர்தானே என்றாள்.

மெட்ராஸிலிருந்து மூன்று நாள் கப்பல். போர்ட் பிளேரில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் லாட்ஜில் தங்கினோம். அவர் பெயர் ஆதிமூலம். சாவியோடு ஒரு பக்கெட்டையும் கொடுத்தார். மழை நின்று இரண்டு மாதமாகிறது, அறைக்கு ஒரு நாளைக்கு இந்த ஒரு பக்கெட், குடிக்க ஒரு ஜாடி, அவ்வளவுதான் என்றார். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டின வரை கடல். ரேணு பக்கெட்டைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருவண்ணாமலையிலேயே இருந்திருக்கலாம் என்றாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அது ஒரு விளையாட்டு. கடலில் குளித்துவிட்டு, உப்புப் போக இரண்டு செம்பு. அந்தத் தண்ணீர் பேசினில். பேசினில் என் சட்டை. சட்டை அலசின தண்ணீர் கக்கூஸுக்கு. பக்கெட்டின் உள்பக்கம் சோப்பால் கோடு போட்டு வைத்தாள், மத்தியானத்துக்குள் இந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று. எட்டு நாள் இருந்தோம். ஒரு நாள்கூடக் கோடு தாண்டவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அங்கேதான் ஆரம்பித்தது. கன்னியம்மாள் வளர்த்த பெண் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டாள். டம்ளரைத் தூக்கி அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வாள். கப்பல் ஆட்டத்தில் அப்படிக் குடிக்கப்போய் மூக்கிலும் புடவையிலும் கொட்டிக்கொண்டாள். லாட்ஜில் கடல் காற்று பாதித் தண்ணீரைத் தட்டிக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாள், சிந்துவது பாவம் என்று சொல்லி உதட்டை வைத்துக் குடித்தாள். இரண்டு டம்ளர் இருந்தால் இரண்டைக் கழுவ வேண்டும் என்று ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒரே டம்ளர். நான் குடித்துவிட்டுக் கொடுத்தால், டம்ளரைத் திருப்பி நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைப்பாள். அந்த இடம் எப்படியும் எச்சிலாகிவிட்டது, இன்னொரு இடத்தை ஏன் கெடுப்பது என்பாள். அம்மா பார்த்தால் வெட்டிப் போட்டுவிடுவாள் என்பாள். ஊர் திரும்பின பிறகு அம்மா எதிரில் அண்ணாந்து குடித்தாள். நாங்கள் மட்டும் இருக்கும்போது அந்தமான் மாதிரி.

எட்டாம் நாள் லாட்ஜில் தண்ணீர் வரவில்லை. கடற்கரைக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருந்தது. நான் முதலில் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு அவள் குடித்தாள். ஊருக்கு வந்து பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரைக் கேட்டேன். எங்கேயும் வந்திருக்கலாம், இந்த ஊர் இட்லிக் கடையிலேயே வந்திருக்கலாம் என்றார். மாமியார் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தீவுதான் அவளைக் கொன்றது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். என்னைத் திட்டவில்லை. தீவைத்தான் திட்டினார்.

வைகாசி இரண்டாவது வெள்ளிக்கிழமை, நான் பம்பிலிருந்து வந்ததும் மாமியார் கூப்பிட்டார். சமையலறையில் செம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். புளி போட்டுத் துலக்கத் தண்ணீர் இல்லாததால் அவர் செம்பை முந்தின நாள் உலர்ந்த துணியில் விபூதி தொட்டுத் துடைத்து வைத்திருந்தார். பித்தளைமேல் மெல்லிசாக ஒரு சாம்பல் பூச்சு. விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் சாம்பல் இல்லை. பிறை மாதிரி, இரண்டு அங்குல அகலத்துக்கு, பளபளவென்று பித்தளை தெரிந்தது. கீழுதடு பட்ட இடம் அது.

"பாத்தீங்களா மாப்ள. யாரோ வாய் வெச்சிருக்காங்க."

பார்த்தேன் என்றேன்.

"எம்பொண்ணு எச்சில் பண்ண மாட்டா. அஞ்சு வயசுலயே அண்ணாந்து குடிப்பா. இது அவ இல்ல." அவர் குரல் இறங்கியது. "வேற ஏதோ வந்து அவ தண்ணிய குடிச்சுட்டுப் போவுது. அவ வெளிய நின்னு பாத்துக்கினு இருக்கா."

எனக்கு அப்போதும் பயம் இல்லை. அது வெறும் தண்ணீர்க் குறைவாக இருந்த வரைக்கும் அது யாராகவும் இருந்திருக்கலாம். இப்போது அது அவள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அத்தை, உங்கள் பெண் வாய் வைத்துக் குடிப்பாள், தீவில் பழகிக்கொண்டாள் என்று. சொன்னால் தீவைப் பற்றிப் பேச வேண்டும். தீவைப் பற்றிப் பேசினால் கடைசியாக அவள் சொன்னது வந்துவிடும். நான் தலையாட்டினது பொய் என்று ஆகிவிடும். அதைவிட, செம்பைத் தூக்கிவிடுவார் என்று எனக்குப் பயம். தாகமே இல்லாதவளுக்கு எதற்குச் செம்பு?

அன்றிலிருந்து மாமியார் இரண்டு செம்பு வைத்தார். வாய் வைத்துக் குடிக்கிற அதற்குப் பித்தளைச் செம்பு. ரேணுவுக்கு ஒன்று, எவர்சில்வர், புதுசு, சுவாமி படத்துக்கு அடியில். காலையில் பித்தளைச் செம்பில் இரண்டு விரல் குறைந்திருக்கும். எவர்சில்வர் செம்பில் ஊற்றினது ஊற்றினபடி இருக்கும். மகள் குடிக்கவில்லை என்று மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் செம்புகளை நிரப்பிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் பித்தளைச் செம்பை எடுத்தேன். உலர்ந்த துணியால் விளிம்பு முழுக்க விபூதி தடவினேன். இதுவரை அடையாளம் விழுந்தது எல்லாம் அறையைப் பார்த்த பக்கம். நான் சுவரைப் பார்த்த பக்கத்தில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தேன். அந்த இடத்தில் மறுபடி விபூதி தடவி மறைத்தேன். செம்பைத் திருப்பாமல் அதே இடத்தில் வைத்து மூடினேன். நான் எங்கே வாய் வைத்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் அடையாளம் சுவர்ப் பக்கத்தில் இருந்தது.

அன்று பம்புக்கு ஐந்தரைக்குத்தான் போனேன். நூறு தடவைக்கு மேல் அடித்தேன். தண்ணீர் வந்தது தெரியாமல் குடம் வழிந்து, ஜோதியம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. உங்கள் மாமியாரை நேற்று பகலில் பார்த்தீர்களா, கண் உள்ளே போய்விட்டதே என்றாள். அந்த அம்மாள் ஒன்றுக்குப் போனால் காவி நிறத்தில் போகிறது, கழுநீர்கூடக் குடிக்கிறதில்லை, நாக்கு பலகையாகிவிட்டது என்றாள்.

நான் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தேன், பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குடத்தைப் பார்த்தேன். முந்தின நாள் குடித்தண்ணீர்க் குடத்தில் நான் குடித்ததும் சோறு வடித்ததும் போக, இரண்டு செம்பு நிரப்பினதும் போக, மீதி அப்படியே இருந்தது. அவர் பங்கு குறையவே இல்லை. கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ரேணு எவர்சில்வர் செம்பில் ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் தான் குடிப்பதில்லை என்று வெள்ளிக்கிழமை நினைத்துக்கொண்டாராம். வாயை நனைக்க மட்டும் ஒரு உத்தரணிக் கரண்டி. மூன்று நாளாக.

குடியுங்கள் என்றேன். குடிக்கிறேன், அவள் குடிக்கட்டும் என்றார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. இந்த வெயிலில் இன்னும் ஒரு நாள் இப்படி இருந்தால் சிறுநீரகம் நின்றுவிடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆஸ்பத்திரி என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அங்கே வர மாட்டேன் என்றார். நின்றவர் அப்படியே சரிந்தார். நான் பிடித்தேன். எடையே இல்லை.

பகல் பதினொரு மணி. வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. அவரைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்துவந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"அத்தை, பித்தளைச் செம்புல குடிக்கிறது ரேணுதான்."

"இன்னா சொல்றீங்க. அவ வாய் வெச்சு குடிப்பாளா?"

"அந்தமான்ல குடிச்சா. கப்பல்லயே ஆரம்பிச்சுட்டா."

பக்கெட், ஜாடி, சோப்புக் கோடு, ஒரே டம்ளர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இதையெல்லாம் எங்கிட்ட சொல்லலியே அவ என்றார். வெட்டிப் போட்டுடுவீங்கன்னு பயம் என்றேன். அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"அப்ப இத்தினி நாளா குடிக்கிறாளே. இன்னுமா தாகம் தீரல?"

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"அவளுக்குத் தாகம் இல்ல அத்தை. அவ தண்ணி கேக்கல. நான் உங்ககிட்ட தலையாட்டினது பொய்."

அவர் என்னைப் பார்த்தார். கை ஓங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் ஓங்கவில்லை.

"பின்ன இன்னாதான் சொன்னா?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், அவள் சொன்னபடியே. தீவைப் பற்றி இருந்ததையும் விடவில்லை. கேட்டு முடித்ததும் அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணீர் வரவில்லை, வர உடம்பில் தண்ணீர் இல்லை. அப்புறம் கையை நீட்டினார். டம்ளரைக் கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கையில் பலம் இல்லை. உதட்டில் வைத்துக் குடித்தார். முழுதாகக் குடித்தார். இன்னொன்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவர் செம்பை நிரப்பவில்லை. என்னை நிரப்பச் சொல்லவும் இல்லை. ஒரு வாரத்தில் உடம்பு தேறி, எவர்சில்வர் செம்பைப் பையில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். ஆடியில் ஒரு மழை பெய்தால் மல்லாட்டை போட வேண்டும் என்றார். போகும்போது அந்தச் சோப்புக் கோடு எவ்வளவு உயரத்தில் போட்டாள் என்று கேட்டார். பக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று கையால் காட்டினேன்.

அவர் தண்ணீர் குடித்த அன்றைக்கே, ராத்திரி அவர் தூங்கின பிறகு, நான் பித்தளைச் செம்பைக் கழுத்து வரை நிரப்பி, விளிம்பில் விபூதி தடவி, சுவர்ப் பக்கத்தில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்தேன். காலையில் நாலரைக்கு எழுந்து, பம்புக்குப் போவதற்கு முன்னாலேயே தட்டை எடுத்தேன். குறையவில்லை. விபூதி தடவினபடியே இருந்தது. மறுநாளும் வைத்தேன். ஒன்பது நாள் வைத்தேன். பத்தாம் நாள் அந்தத் தண்ணீரில் சோறு வடித்தேன்.

அத்தையிடம் நான் சொன்னது இது. ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. நான் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தேன். பஞ்சை நனைத்து உதட்டுக்குக் கொண்டுபோனேன். ரேணு வேண்டாம் என்று கையை அசைத்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த எல்.டி.சி. எப்போது என்று கேட்டாள். அடுத்த நாலு வருஷக் கணக்கு எண்பத்தாறில் ஆரம்பிக்கிறது என்றேன். அவள் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு ஒன்று சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் விசிறிக்கொண்டே இருந்தேன். ஆறரை மணிக்கு நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விசிறுவதை நிறுத்தச் சொன்னாள்.

ரேணு சொன்னது:

"அப்ப மழைக்காலமா பாத்துப் போலாங்க. நெறைய தண்ணி இருக்கும்."